செவுத்துக் கணக்கு

‘அவங்களுக்கு இன்னிக்குக் கெடச்சத இன்னிக்கே தின்னு தீத்துடணும். நாளைக்குன்னு ஒரு பிடி எடுத்து வெக்கத் தெரியாது.’ சேரியைப் பற்றி ஊர்த்தெருத் திண்ணைகளில் காலங்காலமாகப் பேசப்படும் பேச்சு இது. திண்ணைகளை இடித்துவிட்டார்கள். பேச்சு மட்டும் இடியவில்லை. சில வருசங்களுக்கு முன்பு எங்கள் தெருப் பெண்களுக்குச் சேமிப்புப் பயிற்சி என்று ஒரு கூட்டம் நடந்தது. டவுனிலிருந்து வந்த அலுவலர் ஒருவர் கரும்பலகையின் நடுவில் கோடு கிழித்து, ஒருபக்கம் வரவு, ஒருபக்கம் செலவு என்று எழுதி, “வரவுக்குள்ள செலவு பண்ணணும்மா, கணக்கு எழுதிப் பழகணும்மா” என்று ஒரு மணிநேரம் சொன்னார். எங்க அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவுடைய மாமியார், எங்க ஆயா, இருபது வருசத்துக்கும் மேலாகக் கணக்கு எழுதினது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அது எழுதினது செவுத்தில், கரியால்.

அந்தச் செவுத்துக் கணக்கையும், அதற்கு எதிராக இருந்த இன்னொரு கணக்கையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய தென்னார்க்காடு மாவட்டம், இன்றைக்கு விழுப்புரம். எங்க தாத்தா படியாள். படியில் கூலி வாங்குகிறவன் படியாள் என்று வார்த்தைக்கு விளக்கம் சொல்லிவிடலாம், வாழ்க்கைக்குச் சொல்ல முடியாது. விடியுமுன் ஆண்டை வீட்டுத் தொழுவத்தில் சாணி வாருவதில் தொடங்கி, இருட்டின பிறகு மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வருவது வரைக்கும் வருசம் முழுக்க ஒரே வீட்டுக்கு வேலை. இடையில் வேறு எவன் நிலத்திலும் இறங்கக் கூடாது. ஏனென்றால் கடன் இருக்கிறது.

கடன் எப்படி வந்தது? தாத்தாவுடைய அப்பா காலத்துப் பாக்கி நாற்பது ரூபாய். தாத்தாவுக்குக் கலியாணம் செய்ய 1957இல் வாங்கினது நூற்றிருபது. ஆக நூற்றறுபது ரூபாயோடுதான் ஆயா அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது. “எல்லாப் பொண்ணும் சீரு கொண்டாருவாளுங்க, நான் கடனக் கொண்டாந்தேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது. இதைப் பெருந்தன்மையாகச் சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘வட்டியில்லாமக் குடுத்து வச்சிருந்தோம்’ என்பார்கள். ஆயா கணக்கைக் கேளுங்கள். அன்றாடக் கூலிக்குப் போகிறவனுக்கு மூன்று படி நெல். படியாளுக்கு இரண்டு படி. ஒருநாளைக்கு ஒரு படி குறைகிறது. வருசத்தில் முந்நூறு நாள் என்று வைத்தாலும் முந்நூறு படி. நோட்டில் எழுதாத வட்டி அது. எந்த ஊரில் நூற்றறுபது ரூபாய்க்கு வருசத்துக்கு முந்நூறு படி நெல் வட்டி? அசல் மட்டும் அப்படியே நிற்கும். கூலியில் பிடித்துக் கழிக்கவும் மாட்டார்கள். கழித்தால் கடன் தீர்ந்துவிடுமே! அந்தக் கடன் வசூலாவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல, வசூலாகாமல் இருப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. இது புரியாமல் நம் சனங்களுக்குச் சிக்கனம் போதிக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இது ஒரு வீட்டுக் கதையா என்றால் இல்லை. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், தன் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். 1918இல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் எங்கள் பக்கத்து இருவேல்பட்டு. அந்தப் பக்கங்களில் படியாள் வருகிறான். மகன் கலியாணத்துக்கு இருபத்தைந்து, ஐம்பது என்று வாங்கின கடன், அடைபடாமல் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவதும், நிலத்தை விற்றால் நிலத்தோடு படியாளும் கைமாறுவதும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எங்க தாத்தாவுடைய அப்பா அதில் நிற்பது போலவே இருந்தது. நாற்பது ரூபாய்தான் வித்தியாசம். இருவேல்பட்டை 1930களின் பிற்பகுதியில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். 2008 வரைக்கும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அதனால் நூறு வருசத்துப் பதிவு அந்த ஊருக்கு இருக்கிறது. ஆனால் ஒன்று. 1916 வாக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து ஊருக்குக் கணக்கெடுக்க வந்த மாணவர் எந்தத் தெருவில் இறங்கியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சேரி வீட்டுச் செவுத்தை யாரும் வந்து பார்க்கவில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1843இலேயே ஐந்தாம் சட்டம் என்று ஒன்று போட்டு, அடிமை உரிமையைக் கோர்ட்டு அங்கீகரிக்காது என்றார்கள். 1860இன் தண்டனைச் சட்டம் அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றது. சந்தோசம். ஆனால் நடுவில் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றது அது. 1920களின் நடுவில்தான் அதை நீக்கினார்கள். அடிமை என்ற பேரை எடுத்துவிட்டு, கடன்காரன் என்ற பேரைக் கொடுத்து, அந்தப் பேருக்குப் போலீசையும் துணைக்குக் கொடுத்தார்கள்.

இன்னொரு சட்டத்தைப் பற்றி நம் ஆட்களே அதிகம் பேசுவதில்லை. 1938இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. விவசாயிகளின் பழைய வட்டிப் பாக்கிகளைத் தள்ளி, கடனைக் குறைத்த சட்டம். பாடப் புத்தகங்களில் பெருமையாகச் சொல்லப்படுகிறது. யார் விவசாயி என்று அந்தச் சட்டம் விளக்கம் கொடுத்திருக்கிறது. நிலத்தில் உரிமையோ குத்தகையோ உள்ளவன் விவசாயி. உழுகிறவன், நடுகிறவள், அறுக்கிறவள் விவசாயி இல்லை! ஆக, ஆண்டை செட்டியிடம் வாங்கின கடன் குறைந்தது. படியாள் ஆண்டையிடம் வாங்கின கடன் குறையவில்லை. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரும்ப ஆயாவிடம் வருகிறேன்.

இரண்டு படி நெல்லில் ஆறு வாய்க்குக் குடும்பம் நடத்தினது அது. தை, மாசியில் அறுப்பு. அப்போது கையில் கொஞ்சம் ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நட்டு முடித்திருப்பார்கள், களையும் எடுத்து முடிந்திருக்கும், பெண்களுக்கு வேலை இருக்காது. அந்த இரண்டு மாசத்தைத் தாண்டுவதற்குத்தான் மற்ற பத்து மாசமும் ஆயா கணக்குப் போட்டது. நெல் குத்தி அரிசியாக்கினதும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடும். முப்பது பிடி சேர்ந்தால் இரண்டு நாள் கஞ்சி. அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்கும். களத்தைக் கூட்டி மண்ணோடு வருகிற நெல்லை முறத்தில் கொழித்து எடுக்கும். வரப்பில் எலி வளையை வெட்டினால் எலி சேர்த்து வைத்திருக்கிற கதிர் கிடைக்கும், எலியும் கிடைக்கும். “எலிக்குக்கூட வளை இருக்குது, சேத்து வெக்குது. நாம அதுங்கிட்டப் போயி எடுக்குறோம், பாவம்” என்று சொல்லிவிட்டு வெட்டும். நத்தை, நண்டு, கீரை. இதெல்லாம் எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் வரவாக எழுதப்படாத வரவு.

அப்புறம் ஆடு. காசு கொடுத்து வாங்கின ஆடு இல்லை. யாரோ ஒருத்தருடைய பெட்டை ஆட்டை வாரத்துக்கு வாங்கி மேய்ப்பது. போடுகிற குட்டியில் ஒன்று அவர்களுக்கு, ஒன்று நமக்கு. அப்படி வந்த குட்டியில் ஆரம்பித்து ஆயா மூன்று ஆடு சேர்த்தது. தெருப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வாரம் நாலணா சீட்டுப் போட்டார்கள். எழுத்து இல்லை, நோட்டு இல்லை, ஒருத்தி ஏமாற்றினதாக நான் கேட்டதில்லை. அந்தச் சீட்டில்தான் ஒரு பித்தளை அண்டா வாங்கினது. தண்ணீர் பிடிக்க அல்ல. அண்டா என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கலாம். ஊர்த்தெருவில் அண்டா பாத்திரம். சேரியில் அண்டா பாங்கு.

இப்போது செவுரு. கதவுக்குப் பின்னால் இருக்கிற மண்செவுத்தில், தாத்தா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. படி நெல் கடனாக வாங்கினால் ஒரு வட்டம், மரக்கால் என்றால் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. ரூபாய் என்றால் பெருக்கல் குறி. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “யாரு சொல்லித் தரணும்? வயித்துக்குத் தெரியும்” என்றது. மார்கழி கடைசியில் பொங்கலுக்காகத் தெருவே வீட்டை மெழுகிச் சுண்ணாம்பு அடிக்கும். ஆயா மட்டும் மூணு செவுருக்கு அடித்துவிட்டு அந்த ஒரு செவுத்தை விட்டுவிடும். ஆண்டை வீட்டில் கணக்குப் பார்ப்பது அறுப்புக்குப் பிறகு, மாசியில். அதுவரை அழிக்கக் கூடாது. ‘பொங்கலுக்குக்கூட வூடு முழுசா மொழுவ வணங்காதவ’ என்று பேர் வாங்கினது.

1967. ரூபாய்க்குப் படி அரிசி என்று தேர்தலில் பேசின வருசம், அதனால் ஆயாவுக்கு நன்றாக நினைவிருந்தது. மாசியில் கணக்கு. வழக்கமாகத் தாத்தா மட்டும் போய் நிற்பார், கணக்கப்பிள்ளை படிப்பார், தாத்தா தலையாட்டிவிட்டு வருவார். அந்த வருசம் ஆயாவும் கூடப் போனது. கார்த்திகையில் வாங்கின நெல் ஏழு மரக்கால் என்று நோட்டில் இருந்தது. செவுத்தில் நாலு. தொழுவத்துக்கு வெளியே நின்றபடி ஆயா கேட்டது: “சாமி, எங்கூட்டுச் செவுத்துல நாலுதாங்க இருக்குது. வேணும்னா ஆள வுட்டுப் பாருங்க.” அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். “ஒஞ் செவுத்தப் பாக்க நாங்க சேரிக்குள்ள வரணுமாடி?” என்றாராம் கணக்கப்பிள்ளை. நெல் அளக்கிற மரக்காலே வீட்டில் இரண்டு உண்டு, வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. நோட்டுக்கு மட்டும் அப்படி இரண்டு இருக்கக் கூடாதா? மூன்று மரக்கால் கடனில் ஏறினது.

நான் இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஆயாவுடைய கணக்கு தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. அதைப் பார்க்க வர முடியாது என்றுதான் சொன்னார்கள். வந்தால் தீட்டு. தீண்டாமை என்பதைக் கோயில், கிணறு, டீக்கடை என்றே நாம் பேசிப் பழகிவிட்டோம். அது ஒரு கணக்கு முறையும்கூட. நம்முடைய சாட்சியம் இருக்கிற இடத்துக்கு எதிராளி வரவே வேண்டாம் என்று சட்டம் போட்டு வைத்தால், எந்தக் கணக்கிலும் அவன்தான் ஜெயிப்பான். அடுத்த வருசம் டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டம். அரைப்படி என்ன பெரிய விசயம் என்று கேட்கிறவர்கள், ஆறு வாய்க்கு இரண்டு படியில் உலை வைத்துப் பார்க்க வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அடைக்கக் கூடிய கடன் கிடைத்தபோது நம் சனங்கள் அடைத்திருக்கிறார்கள். 1920க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் லேபர் கமிஷனர் என்று ஒரு துறை வேலை செய்தது. பழைய ஆட்கள் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று சொல்வது அந்தத் துறை வைத்த பள்ளிகளைத்தான். மிராசுதார் மனையில் குடியிருந்தால், எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் மனையை வாங்கிக் கொடுத்து, கூட்டுறவுச் சங்கம் மூலமாக அதன் விலையைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். கூலிக்காரர்கள் கட்டினார்கள். காலடியில் இருக்கிற மண் தன்னுடையதாகும் என்றால் எவனும் கட்டுவான்.

இனி தாத்தாவின் கடன் எப்படி முடிந்தது என்பது.

1979க்குள் அது நானூற்றிப் பத்து ரூபாயாகியிருந்தது. எங்க அப்பாவுக்குப் பத்தொன்பது வயசு. தாத்தாவுக்குப் பதிலாக அடுத்த படியாளாக அவரைக் கொண்டுவந்து விடச் சொல்லிவிட்டார்கள். ஆயா அன்று ராத்திரியே அப்பாவை மெட்ராசுக்குப் போகிற ஆட்களோடு கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டது. மூன்று ஆட்டையும் விற்று இருநூற்று நாற்பது. அண்டாவை அடகு வைக்கவில்லை, விற்றே விட்டது, எழுபது. மூன்று மாசத்தில் அப்பா அனுப்பினது நூறு. மொத்தம் நானூற்றிப் பத்து. ஒரு பைசா பாக்கியில்லை. காசைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சும்மா வராமல், எழுதிக் கொடுங்க என்று கேட்டிருக்கிறது ஆயா. செவுத்துக் கணக்கு செல்லாது என்று ஒருமுறை கற்றுக் கொடுத்துவிட்டார்களே! ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, ஆண்டை கையெழுத்தோடு ஒரு சீட்டு. ‘படியாள் முன்பணப் பாக்கி முழுவதும் வரவாயிற்று.’ தேதி 12.3.1979.

சாதிச் சான்றிதழுக்காகப் பழைய தாள்களைத் தேடும்போது ஆயாவுடைய தகரப் பெட்டியில் அது என் கையில் கிடைத்தது. அப்போது நான் எம்.ஏ. முடித்து, கொத்தடிமை மீட்பு வேலை செய்கிற தோழர்களோடு சுற்றிக்கொண்டிருந்தேன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். 1976இன் சட்டம், 1975 அக்டோபர் 25 முதல் அமலுக்கு வந்ததாக வைத்துக்கொள்ள வேண்டும். அன்றோடு கொத்தடிமைக் கடன் எல்லாம் செத்துப் போய்விட்டது. அது மட்டுமில்லை. செத்துப் போன கடனுக்குப் பணம் வாங்கினால், வாங்கினவனுக்கு மூன்று வருசம் வரைக்கும் ஜெயில். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் கோர்ட்டு சொல்லலாம்.

தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 1979. ஆட்டை விற்றது, அண்டாவை விற்றது, பத்தொன்பது வயசுப் பையனை மண் சுமக்க அனுப்பினது, எல்லாம் இல்லாத கடனுக்கு! அந்தச் சீட்டு கடன் தீர்ந்ததற்கு அத்தாட்சி இல்லை. ஒரு குற்றத்தைச் செய்தவன் தன் கையாலேயே எழுதி ஸ்டாம்பு ஒட்டிக் கொடுத்த வாக்குமூலம்.

ஆயாவிடம் போய்ச் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். இளரத்தம், கத்தினேன். கேஸ் போடலாம், பத்திரிகையில் எழுதலாம், அந்தக் குடும்பத்தார் டவுனில்தானே இருக்கிறார்கள் என்றேன். ஆயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது. ரொம்ப நேரம் பேசவில்லை. “சட்டம் வந்துச்சே, யாரு வந்து சொன்னா?” என்றது. தமுக்கு அடித்தார்களா, அதிகாரி வந்தாரா என்று கேட்டேன். ஊர்த்தெருவில் யாரோ ஜீப்பில் வந்து போனதாக நினைவு, சேரிக்கு வரவில்லை என்றது. அப்புறம் சொன்னது: “நீ சொல்றாப்புல அது இல்லாத கடனாவே இருக்கட்டும். நான் குடுக்காம இருந்திருந்தா ஒங்கப்பன் தொழுவத்துல நின்னுருப்பான். நீ இங்க நின்னு சட்டம் பேசியிருப்பியா? எங்காட்டக் கேவலப்படுத்தாத.”

நான் பேசாமல் இருந்தேன். ஆயா சொன்னது சரி என்று இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பறிகொடுத்ததைப் பறிகொடுத்தது என்றுதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அதையும் அவர்கள் தங்கள் நோட்டில் வரவு என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் அது சொன்னதைத் தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை. கேஸ் போடவில்லை. சீட்டு என்னிடம் இருக்கிறது. ஆயா 2012இல் போய்ச் சேர்ந்தது. மண்வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டும்போது, கதவுக்குப் பின்னால் இருந்த செவுத்தை ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு ஆண்டை வீட்டு நோட்டு இல்லை. அதன் இடத்தில் தண்டல்காரர் வண்டியில் வருகிறார். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார். தினம் நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் நம் கையில் நிற்பது அதில் பாதி. வருசத்துக்குக் கணக்கிட்டால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. 2003இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்ற வார்த்தையே இருக்கிறது. தண்டல்காரர்களுக்கும் அது தெரியும்.

தண்டலிலிருந்து தப்பிக்கப் பெண்கள் குரூப் லோனுக்குப் போனார்கள். 1989இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கினபோது முதலில் சேமிப்பு, பிறகு அதிலிருந்து கடன் என்றுதான் ஆரம்பித்தது. நாலணாச் சீட்டுப் போட்ட பெண்களுக்கு அது ஒன்றும் புதிசில்லை. பிற்பாடு வந்த தனியார் கம்பெனிகள் சேமிப்பை விட்டுவிட்டுக் கடனை மட்டும் கொண்டுவந்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். சேரிக்குள் வர மாட்டேன் என்ற கணக்கு போய், சேரிக்காரியையே சேரிக்காரி வீட்டு வாசலுக்கு அனுப்புகிற கணக்கு வந்திருக்கிறது. வசூலில் நடக்கிற அடாவடியைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. இந்த முறை சட்டம் வந்ததைச் சேரிக்குள் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் சிலபேர் ஞாயிற்றுக்கிழமைகளில் தெருத்தெருவாகப் போகிறோம்.

அம்மாவும் ஒரு குரூப்பில் இருக்கிறது. வாராவாரம் டியூ. கட்டினதற்கு மிஷினிலிருந்து ஒரு சின்னச் சீட்டு வரும். நாலைந்து மாசத்தில் அதில் இருக்கிற எழுத்து வெளுத்து, வெறும் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது பீரோவைத் திறந்தேன். கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்திருந்தது. இது என்னம்மா என்று கேட்டேன். “டியூ கட்டுனது. முப்பத்தேழு ஆச்சு. எண்ணிப் பாரு” என்றது அம்மா. எண்ணினேன், சரியாக இருந்தது.